மார்லின் 1894, .44 மேக்னம்: ஒஹாயோ மான் காட்டில் சில பருவங்கள்

மார்லின் 1894 போல, ரிவால்வர் தோட்டாவைச் சுடும் லிவர் ரைஃபிள் (கைப்பிடிக்குக் கீழுள்ள நெம்புகோலை ஆட்டி அடுத்த தோட்டாவை ஏற்றுவது) எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் முதலில் ஒரு கணக்கைச் சொல்வேன். .44 மேக்னம் என்ற ரிவால்வர் தோட்டாவின் 240 கிரெய்ன் (சுமார் 15.5 கிராம்) குண்டு, 4 அங்குலக் குழல் கொண்ட ரிவால்வரிலிருந்து நொடிக்கு ஏறக்குறைய 1,180 அடி வேகத்தில் புறப்படும். அதே தோட்டாவை 20 அங்குலக் குழலுள்ள கார்பைனில் (குட்டை ரைஃபிளில்) போட்டால் வேகம் 1,760 அடியை நெருங்கும். 100 கஜம் போன பிறகும் அதில் 1,380 அடி மிச்சம் இருக்கும். ரிவால்வரின் குழல்வாயிலேயே இல்லாத வேகம் அது. நீண்ட குழலில் வெடிவாயு குண்டைத் தள்ள நேரம் கிடைக்கிறது. ரிவால்வரில் உருளைக்கும் குழலுக்கும் நடுவே கசிகிற வாயுவும் இங்கே வீணாவதில்லை.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் மான் வேட்டைக்கு வெகுகாலம் ஷாட்கன்தான் பெரும்பாலோரின் துப்பாக்கி. 2014 பருவத்திலிருந்து நேர்சுவர்த் தோட்டா (கூடு கழுத்தில் குறுகாமல் நேராக இருப்பது) ரைஃபிள்களுக்கு அனுமதி வந்தது. .44 மேக்னம் அந்த வரம்புக்குள் அழகாகப் பொருந்துகிறது. ஆனால் துப்பாக்கி கிடைக்க வேண்டுமே! மார்லினின் பழைய நார்த் ஹேவன் ஆலை 2011இல் மூடப்பட்டது. 2020இல் ரூகர் என்ற துப்பாக்கி நிறுவனம் அந்தப் பெயரை வாங்கி, 1894 மாடலை மறுபடி விற்பனைக்குக் கொண்டுவந்தபோது 2023 ஆகிவிட்டது. நான் தேடியது அந்த இடைவெளியில். குழலில் ‘ஜேஎம்’ முத்திரை (பழைய மார்லின் ஆலையின் அடையாளம்) உள்ள பழைய துப்பாக்கிகளைக் கையில் வைத்திருந்தவர்கள் லேசில் விடவில்லை. விட்டவர்களும் கேட்ட விலை தலைசுற்ற வைத்தது.

பிரேசிலின் ரோஸி 92 கைக்கெட்டும் விலையில் இருந்தது. ஜான் பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1892இன் வழிவந்தது. இரண்டு பூட்டுக்கட்டைகளால் தாழிடும் உறுதியான அமைப்பு. ஆனால் வெற்றுக்கூடு மேல்பக்கமாக வெளியே பாயும், நேர் மேலே ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பொருத்த வழியில்லை. மார்லினில் கூடு பக்கவாட்டில் போகிறது, மேல்பகுதி மூடிய இரும்பு. அந்திவெளிச்சத்தில் ஸ்கோப் இல்லாமல் என் கண்ணுக்குச் சரிவராது என்பதால் காத்திருந்தேன். கடைசியில் வேறு மாநிலத்துக் கடையொன்றில் ஒன்று கிடைத்து, எங்கள் ஊர் உரிமக் கடை வழியாக, துப்பாக்கி வாங்குவோர் நிரப்பும் 4473 படிவமும் பின்னணிச் சோதனையும் முடிந்து கைக்கு வந்தது. பழையதை வாங்குபவர்கள் கடைக்காரரிடம் கேட்டு, வெடிமருந்தில்லாத போலித் தோட்டாக்களைப் போட்டு லிவரை மெதுவாகவும் வேகமாகவும் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். தோட்டாவை மேலே தூக்கும் பாகம் தேய்ந்திருந்தால் அப்போதே காட்டிக்கொடுத்துவிடும்.

இதன் எடை சுமார் 3 கிலோ. பக்கங்கள் தட்டையாக இருப்பதால் ஒரு கையில் பிடித்தபடி புதருக்குள் மணிக்கணக்கில் நடக்கலாம். இந்தச் சுகம் எந்தக் கணக்கிலும் வராது, ஆனால் நான் இதையே எடுத்துச் செல்வதற்கு முதல் காரணம் இதுதான். குழாய் மேகசினில் (குழலுக்குக் கீழே தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் குழாய்) 10 தோட்டா கொள்ளும். ஒஹாயோ மான் பருவத்தில் சேம்பரில் (தோட்டா வெடிக்கும் அறை) இருப்பதையும் சேர்த்து மூன்றுக்கு மேல் போடக் கூடாது. மூன்றே போதும். காட்டில் 100 கஜத்துக்குள் நிற்கிற வெள்ளைவால் மானுக்கு, சரியான இடத்தில் பட்ட ஒரு குண்டு வேலையை முடித்துவிடுகிறது. இறைச்சியும் அதிகம் வீணாவதில்லை.

தொலைவு கூடினால் நிலைமை மாறும். 100 கஜத்துக்குக் குறி சரிசெய்து வைத்தால், 200 கஜத்தில் குண்டு ஓரடிக்கு மேல் இறங்கிவிடும். சோயா வயல் ஓரத்தில் உட்கார்ந்து எதிர்வரப்பு மானைப் பார்ப்பவர்களுக்கு இது ஏற்றதல்ல, .350 லெஜண்ட் போன்ற தோட்டாக்களைச் சுடும் ரைஃபிள்களைப் பார்க்கலாம். பழைய மார்லின் குழலின் உட்பக்கச் சுருள் பள்ளம் குண்டை 38 அங்குலத்துக்கு ஒரு சுற்றுத்தான் சுழற்றும். அது 240 கிரெய்னுக்கு அளந்து செய்தது போலிருக்கும். 300 கிரெய்ன் குண்டுகளை நிலைப்படுத்த அந்தச் சுழற்சி போதாமல் போகலாம். இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: குழாய் மேகசினில் ஒரு தோட்டாவின் மூக்கு அடுத்ததன் பிரைமர்மேல் (அடிபட்டால் வெடிமருந்தைப் பற்றவைப்பது) அழுந்தி நிற்கும். தட்டைமூக்குக் குண்டு, இல்லையேல் இதற்கென்றே மென்முனை வைத்துச் செய்தது, இவற்றைத் தவிர வேறெதையும் உள்ளே விடாதீர்கள்.

பராமரிப்பில் மார்லினை அடிக்க ஆளில்லை. லிவரின் ஒற்றைத் திருகைக் கழற்றி லிவரை இழுத்தால் போல்ட் (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்து நிற்கும் பாகம்) பின்பக்கமாக வந்துவிடும். குழலைப் பின்னாலிருந்தே துடைக்கலாம். வெற்றுக்கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டர் தானாகக் கழன்று விழும், அதை மட்டும் கவனமாக எடுத்து வையுங்கள்.

பயிற்சிக்கு நான் .44 ஸ்பெஷல் போடுகிறேன். 1907இல் வந்த, மேக்னத்துக்கு மூத்த, அதைவிடக் குட்டையான தோட்டா, இதே சேம்பரில் சுடலாம். உதை மிகவும் குறைவு, என்னுடையதில் தடங்கலின்றி ஏறுகிறது. விலைதான் மேக்னத்துக்கு இளைத்ததில்லை. சுட்டபின் சேம்பரின் முன்பகுதியில் படியும் கரியைத் துடைத்துவிட்டுத்தான் மேக்னத்துக்கு மாறுவேன்.