கடனுக்கு வீட்டைக் கிரயம் எழுதிக் கொடுக்காதீர்கள்

மதுரையிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் ஒன்றரை சென்ட், இரண்டு சென்ட் வீட்டை வைத்துக் கடன் வாங்கப் போகிறவர்களுக்கு இது. செல்லூரில் தறி ஓட்டுபவராக இருக்கலாம், மாட்டுத்தாவணியில் பூ விற்பவராக இருக்கலாம், ஏமாறும் விதம் ஒன்றுதான். வட்டி எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். எந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறோம் என்று கேட்பதில்லை. வீடு கைமாறுவது அங்கேதான்.

2 லட்சம் அவசரமாக வேண்டும். சம்பளச் சீட்டு இல்லை, வருமான வரிக் கணக்கு இல்லை என்று பேங்கில் திருப்பி அனுப்புவார்கள். புரோக்கர் ஒருவர் பணமுள்ள பெரிய மனிதரிடம் கூட்டிப் போவார். அவர் அடமானப் பத்திரம் கேட்க மாட்டார். "கிரயமாவே எழுதிக் குடுத்துருப்பா, சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தான். காசைக் கட்டுனதும் உன் பேருக்கே திருப்பி எழுதித் தர்றேன்" என்பார். வீடு 15 லட்சம் போகும், பதிவுக்காக அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு 6 லட்சம் என்று வையுங்கள். 6 லட்சத்தையும் பெற்றுக்கொண்டதாகப் பத்திரத்தில் எழுதுவார்கள். கைக்கு வருவது 2 லட்சம். அதிலும் முதல் மாத வட்டி, கமிஷன், பத்திரச் செலவு எல்லாம் பிடித்த மிச்சம்.

அன்றைக்கே இன்னொரு காகிதமும் நீட்டுவார்கள்: வாடகை ஒப்பந்தம். இரண்டிலும் மோசமானது இதுதான். 5 வட்டி (நூறு ரூபாய்க்கு மாதம் 5 ரூபாய்) என்றால் மாதம் 10,000. அதை வாடகை என்று எழுதிவிடுவார்கள். நீங்கள் நாணயமாகக் கட்டும் ஒவ்வொரு மாத வட்டியும், வீடு அவருடையது என்பதற்கு நீங்களே சொல்லும் சாட்சியாகிவிடும். 20 மாதத்தில் 2 லட்சம் கட்டியிருப்பீர்கள், அசல் அப்படியே நிற்கும். கட்ட முடியாமல் போனால் வருவது கடன் வழக்கு அல்ல, வாடகை பாக்கிக்காகக் காலி செய்யச் சொல்லும் வழக்கு.

சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 58(சி) பிரிவு தெளிவாகச் சொல்கிறது: பணம் கட்டினால் திருப்பித் தருவேன் என்ற நிபந்தனை அதே கிரயப் பத்திரத்துக்குள் இருந்தால்தான் அதை அடமானமாகக் கருத முடியும். வாய்ச்சொல் போதாது, தனித் தாளில் எழுதிய ஒப்பந்தமும் அதை அடமானமாக்காது. அடமானத்தை மீட்க வழக்குப் போட 30 ஆண்டு அவகாசம் உண்டு. கிரயத்தை ரத்து செய்யக் கேட்பதற்கு, விவரம் தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுதான். பணம் கொடுப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியும், அவருடைய வக்கீலுக்கும் தெரியும். பத்திரத்தில் கைநாட்டு வைப்பவருக்கு யாரும் சொல்வதில்லை. சார்பதிவாளர் முன்னால் இரண்டு பேரும் சமம் என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்ட வேண்டியவர் எப்படிச் சமமாக நிற்க முடியும்?

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாலும் நஷ்டம் உங்களுக்குத்தான். திருப்பி எழுதும்போது பொதுவாக முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 6 லட்சத்துக்கு 54,000 ரூபாய். அதை அவர் கொடுக்கப் போவதில்லை.

வீட்டை ஈடாகக் கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால் அடமானப் பத்திரமாக மட்டும் பதிவு செய்யுங்கள். செலவும் கிரயத்தைவிட மிகக் குறைவு. கடன் தொகை, வட்டி, தவணை மூன்றும் பத்திரத்திலேயே இருக்க வேண்டும். பணத்தை வங்கிக் கணக்கில் வாங்குங்கள், வட்டியையும் கணக்கு வழியாகவே கட்டுங்கள். பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்காதீர்கள். 'பவர்தானே' என்று நினைத்தால், அதை வைத்து வேறொருவருக்கு விற்றுவிடலாம். எழுதாத புரோநோட்டிலும் எழுதாத செக்கிலும் கையெழுத்து வேண்டாம். 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டம், வெற்றுப் புரோநோட்டை நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தை அதை வைத்திருப்பவருக்கே தருகிறது.

ஏற்கெனவே கிரயம் எழுதிவிட்டவர்கள் நாள் கடத்தாதீர்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை, அதாவது சொத்து யார் பேருக்குக் கைமாறியிருக்கிறது என்ற பதிவை, இலவசமாகப் பார்க்கலாம், மாதம் ஒருமுறை பாருங்கள். வீட்டு வரி, கரண்ட் பில் ரசீதுகளை ஒன்றுவிடாமல் எடுத்து வையுங்கள். வட்டி வாங்குவதாக அவர் பேசிய வாட்ஸ்அப் பதிவுகளை அழிக்காதீர்கள். அவர் மூன்றாம் ஆளுக்கு விற்பதற்கு முன்பே சிவில் வழக்குப் போட்டால், வழக்கு நிலுவையில் இருக்கும்போது வாங்குபவரையும் தீர்ப்புக் கட்டுப்படுத்தும். விற்ற பிறகு போனால், விவரம் தெரியாமல் வாங்கினேன் என்று அந்த மூன்றாம் ஆள் நிற்பார். அப்போது போராட்டம் பல மடங்கு.

அதிக வட்டி வசூலுக்குத் தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. காவல் நிலையத்தில் 'இது சிவில் விவகாரம்மா' என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். மனுவில் அந்தச் சட்டத்தின் பெயரை எழுதி, ஒப்புகை ரசீது வாங்காமல் வராதீர்கள். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளிலும் ஒரு பிரதி கொடுங்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு இல்லாமலே இலவச வக்கீல் கிடைப்பார். தொலைபேசி எண் 15100. போகும்போது கிரயப் பத்திர நகலோடு அந்த வாடகை ஒப்பந்தத்தையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். இரண்டிலும் ஒரே தேதி இருக்கிறதா என்றுதான் வக்கீல் முதலில் பார்ப்பார்.