மணி அடங்கினால்தான் சூடு: 150 வெள்ளி இண்டக்ஷன் அடுப்பும் நம் வீட்டுச் சட்டிகளும்

பினாங்கில் கேஸ் தோங் (சிலிண்டர்) வைக்க இடமில்லாத வாடகை அறைக்காரர்களும் காண்டோவில் குடியிருப்பவர்களும் கடைசியில் போய் நிற்பது ஒரே சாமானில்தான். 100 முதல் 200 வெள்ளிக்குள் (மலேசிய ரிங்கிட்) கிடைக்கும் 2000 அல்லது 2100 வாட் ஒற்றை இண்டக்ஷன் அடுப்பு. கடையில் ஏழெட்டுப் பெயரில் அடுக்கியிருப்பார்கள். அடிமூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பெரும்பாலும் ஒரே மாதிரிப் பலகைதான். அதனால் இங்கே எடைபோடுவது எந்தப் பெயரையும் அல்ல, இந்த வகையையே. அதிலும் வாங்கிய அன்றே எல்லாரும் முணுமுணுக்கும் ஒரு குணத்தை: சட்டியை வைத்தால் ‘பீப் பீப்’ என்று கத்திவிட்டுச் சும்மா இருப்பது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கொடுத்த காசுக்கு அடுப்பு மோசமில்லை. கத்துவதும் அதன் கோளாறு அல்ல. 300 வெள்ளி கையில் இருந்தால் அடுப்புக்கு 130, பாத்திரத்துக்கு 170 என்று பிரிப்பதுதான் சரி. நம் ஆட்கள் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறார்கள்.

கண்ணாடித் தட்டுக்கு அடியில் செம்புக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. முடி போன்ற மெல்லிய இழைகளை முறுக்கிச் செய்த கம்பி. அதோடு மின்சாரத்தைச் சேர்த்துவைத்துத் திரும்ப விடும் ஒரு கெப்பாசிட்டர், பெரும்பாலும் 0.3 மைக்ரோஃபாரட் அளவில். சுவரிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி, ஐஜிபிடி என்கிற சுவிட்சு வழியாக நொடிக்கு இருபதாயிரம் முறைக்கு மேல் விட்டு விட்டுச் சுருளுக்குள் பாய்ச்சுவார்கள். சுருளின் காந்தப்புலம் சட்டியின் அடியில் சுழல் மின்னோட்டத்தை எழுப்புகிறது; அடித்தகடு தானே சூடாகிறது. கண்ணாடி சூடாவது சட்டியின் சூட்டால்தான்.

இதெல்லாம் தொடங்கும் முன் ஒரு சோதனை நடக்கும். பட்டனை அழுத்தியதும் ஐஜிபிடி சில மைக்ரோ விநாடிகள் மட்டும் மின்சாரத்தை விட்டு நிறுத்துகிறது. கோயில் மணியை ஒரு தட்டுத் தட்டுவது போல. சுருளும் கெப்பாசிட்டரும் தங்களுக்குள் மின்சாரத்தை மாற்றி மாற்றித் தள்ளி ஆடும். மேலே ஒன்றும் இல்லையென்றால் மணி ஓசை நீள்வது போல அந்த ஆட்டம் இருபது முப்பது சுற்று நீளும். இரும்பு அடியுள்ள சட்டி இருந்தால், ஒலிக்கும் மணியின் மேல் உள்ளங்கையை வைத்த மாதிரி, சில சுற்றிலேயே அடங்கிவிடும். அடுப்பிலுள்ள சிப்பு இந்தச் சுற்றுகளை எண்ணுகிறது. எண்ணிக்கை குறைவு என்றால் ‘சட்டி இருக்கிறது’, கூடுதல் என்றால் ‘பீப்’. இரண்டையும் பிரிக்கும் அந்த எல்லை எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரே சட்டியை ஓர் அடுப்பு ஏற்று இன்னொன்று தள்ளுவதற்குக் காரணம் இதுதான்.

அறை அமைதியாக இருக்கும்போது சட்டியை எடுத்துவிட்டுக் காதைக் கொடுத்தால் ஒன்றிரண்டு விநாடிக்கு ஒரு தடவை ‘டிக்’ என்று கேட்கும். அந்தத் தட்டுதான் அது. அரை நிமிடமோ ஒரு நிமிடமோ பார்த்துவிட்டு அடுப்பு தானே அணைந்துவிடும். திரையில் வரும் எழுத்துக்குப் பொது விதி கிடையாது. பல அடுப்புகளில் ‘ஈ-0’ என்றால் சட்டி இல்லை. சிலவற்றில் அதே குறி வேறு எதற்கோ. கையேட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

அலுமினியம் ஏன் தேறுவதில்லை? மின்சாரம் அதில் ஓடாததால் அல்ல, மிகச் சுலபமாக ஓடுவதால். 24 கிலோஹெர்ட்ஸில் இரும்புக்குள் மின்னோட்டம் மேலே உள்ள 0.1 மில்லிமீட்டர் தோலிலேயே நெருக்கியடித்துக்கொண்டு ஓடும். நெருக்கடி இருக்கும் இடத்தில் சூடு பிறக்கும். அலுமினியத்தில் அந்தத் தோல் 0.5 மில்லிமீட்டருக்கு மேல், உலோகத்தின் தடையும் குறைவு. இந்தத் தோலில் ஓடும்போது செம்பின் தடையை 1 என்று வைத்தால் அலுமினியம் ஏறக்குறைய 1.3, சாதாரண இரும்பு 50-க்கும் மேல். அலுமினியச் சட்டியை வைத்துத் தட்டினால் மணி அடங்குவதில்லை, சுருதிதான் ஏறுகிறது. அந்த நிலையில் சூடேற்ற முயன்றால் மின்னோட்டம் எகிறி ஐஜிபிடி வெந்துவிடும். ஆகவே அந்தப் ‘பீப்’ சட்டியைக் குறை சொல்வதைவிட அடுப்பு தன் உயிரைக் காத்துக்கொள்வது என்பதே சரி. அலுமினியத்தையும் செம்பையும் சூடாக்கும் அடுப்பை ஜப்பானில் மட்சுஷிட்டா (இன்றைய பானசோனிக்) கம்பெனி 2002-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கூடுதல் அதிர்வெண், தனிச் சுருள் எல்லாம் வேண்டும். 150 வெள்ளி அடுப்பில் அதைத் தேட வேண்டாம்.

இனி பாத்திரக் கடை. லெபோ பசார் பக்கம் போகும்போது ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். எல்லாரும் சொல்லும் யோசனைதான், ஆனால் பாதிப்பேர் தப்பாகச் செய்கிறார்கள். காந்தத்தைச் சட்டியின் விளிம்பில் ஒட்டிப் பார்ப்பது வீண். 304 ரக எவர்சில்வர் காந்தத்துக்கு ஒட்டாத உலோகம். ஆனால் அச்சில் அழுத்தி வளைத்த இடங்களில், அதாவது விளிம்பிலும் மூலையிலும், லேசாக ஒட்டும். அதை நம்பி வாங்கினால் வீட்டில் ‘பீப்’தான். சட்டியைக் கவிழ்த்து அடியின் நடுவில் வையுங்கள். பிறகு சட்டியைச் செங்குத்தாக நிமிர்த்துங்கள். காந்தம் வழுக்காமல் நின்றால் நல்லது, மெல்ல இறங்கினால் சந்தேகம். அடுத்து காந்தத்தை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நகர்த்திக்கொண்டே போய், எங்கே பிடி விடுகிறது என்று பாருங்கள். 22 சென்டிமீட்டர் வாயுள்ள சட்டிக்குக் காந்தம் பிடிக்கும் வட்டம் 12, 13 தான் இருக்கும் பல நேரம். அடுப்புக்கு அந்தச் சட்டி 12 சென்டிமீட்டர் சட்டிதான்.

அலுமினியச் சட்டியின் அடியில் துளைத்துளையான எவர்சில்வர் தகட்டை அழுத்திப் பதித்து ‘இண்டக்ஷன் பேஸ்’ என்று விற்கிறார்களே, அதில் இந்தச் சோதனை இன்னும் முக்கியம். காந்தம் ஒட்டும், சுருள் முத்திரையும் இருக்கும், அடுப்பும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் துளைகள் போக மிஞ்சும் இரும்புதான் சூடு வாங்குகிறது. திரையில் 2000 என்று எழுதியிருந்தாலும் சட்டி இழுப்பது 1200-ஆக இருக்கலாம். கண்டுபிடிக்க மீட்டர் வேண்டாம், கைபேசியில் உள்ள கடிகாரம் போதும். ஒரு லிட்டர் குழாய்த் தண்ணீர், நம் ஊரில் 28 பாகை இருக்கும் என்று வையுங்கள். கொதிக்க 300 கிலோஜூல் வேண்டும். உண்மையிலேயே 2000 வாட் போய், அதில் 85 விழுக்காடு தண்ணீரில் சேர்ந்தால் 3 நிமிடம். 5 நிமிடமானால் சட்டி 1200 வாட் அளவில்தான் இழுக்கிறது. 6 நிமிடம் என்றால் 1000. மூடி போட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் கணக்கு சரியாக வராது.

அதே தண்ணீர் சூடாகும்போது குனிந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும். முதல் குமிழிகள் நடுவில் வருவதில்லை. மெல்லிய அடியுள்ள சட்டியில் வளையல் மாதிரி ஒரு வட்டமாக எழும்பும். சுருளின் நடுவில் காந்தப்புலம் குறைவு, ஓரத்துக்கும் நடுவுக்கும் இடையில்தான் உச்சம். ரவை வறுத்தால் இந்த வளையல் கருகிக் காட்டும். வெளியே காந்தம் ஒட்டும் 430 ரக எவர்சில்வர், நடுவில் அலுமினியம், உள்ளே 304 என்று மூன்று தகடு ஒட்டிய சட்டியில் நடு அலுமினியம் சூட்டைப் பரப்பிவிடுவதால் வளையல் மங்கிவிடும். காசைப் போட வேண்டிய இடம் இது.

இரும்புத் தோசைக்கல்லை இந்த அடுப்பு ஓடி வந்து கட்டிக்கொள்ளும். சிக்கல் வேறு: சுருள் 16 முதல் 18 சென்டிமீட்டர், கல் 30. நடுவில் தோசை முறுகும்போது ஓரம் வெள்ளையாகவே இருக்கும். 800 வாட்டில் ஐந்தாறு நிமிடம் பொறுமையாகக் காயவிட்டுப் பிறகு 1200-க்கு ஏற்றினால் சமாளிக்கலாம். எடுத்த எடுப்பில் 2000 வைத்தால் நடு விரிந்து ஓரம் விரியாமல் கல் வளையும். வார்ப்பிரும்பென்றால் விரிசலே விடலாம். மெல்லிய ஒற்றைத் தகட்டு எவர்சில்வருக்கும் இதே கதி: அடி மேலே குவிந்து கண்ணாடியை விட்டு விலகும், விலகியதும் சக்தி இறங்கும், மோசமாக வளைந்தால் சமைத்துக்கொண்டிருக்கும்போதே ‘பீப்’. சூடேறத் தொடங்கிய பின்னும் அடுப்பு கண்காணிப்பதை விடுவதில்லை. இழுக்கும் மின்னோட்டத்தைப் பார்த்தபடியே இருக்கும், எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால் நிறுத்திவிடும்.

குவாலி (வாணலி)? உருண்டை அடி என்றால் மறந்துவிடுங்கள். தட்டை அடி வைத்த குவாலியிலும் கண்ணாடியில் படுவது நடுவில் ஒரு கைப்பிடி அளவுதான். தூக்கிக் குலுக்கினால் அந்தக் கணமே சூடு நின்று, கீழே வைத்த ஒன்றிரண்டு விநாடி கழித்தே திரும்ப வரும். வாணலியைக் குலுக்கிக் குலுக்கிச் சார் குவெய் தியாவ் (பட்டை நூடுல்ஸ் வறுவல்) போடுபவர் இந்த அடுப்பைப் பார்த்துச் சிரிப்பார். மீ கோரெங் வீட்டளவில் முடியும், கரண்டியால் கிளற வேண்டும், அவ்வளவே.

மண்சட்டி, ஈயச்சொம்பு, பித்தளை உருளி எதையும் தொடாது. ஈயச்சொம்புக்கு அது நல்லதுதான். வெள்ளீயம் 232 பாகையில் உருகிவிடும், வெறும் சொம்பை 2000 வாட்டில் நினைத்துப் பாருங்கள். தாளிப்புக் கரண்டி 8, 9 சென்டிமீட்டர்தான். கரண்டியோ சாவியோ கண்ணாடியில் கிடந்து பழுக்கக் காயாமல் இருக்கத்தான் சின்ன இரும்பை அடுப்பு வேண்டுமென்றே தள்ளுகிறது. ஆகவே குழம்புச் சட்டியிலேயே முதலில் தாளித்துவிட்டு மற்றதை ஊற்றுங்கள். அடுப்பு ஏற்காத இந்தப் பாத்திரங்களுக்கென்று விற்கும் இரும்பு இடைத்தட்டை வாங்கச் சொல்ல மனம் வரவில்லை. தட்டு சூடாகி, அதன் மேல் சட்டி சூடாகி, பாதிச் சூடு கண்ணாடிக்கே போகிறது. கண்ணாடிக்கு அடியில் நடுவில் ஒட்டியிருக்கும் வெப்ப உணரி அதைப் பார்த்துப் பயந்து அடுப்பை அணைத்துவிடும். 600 வாட்டுக்கு மேல் போகாமல் மண்சட்டிக் குழம்பைச் சுட வைக்கலாம், சமைக்க முடியாது.

பிரஷர் குக்கரில் அலுமினிய வகை, இண்டக்ஷன் அடி வகை இரண்டும் ஒரே தோற்றத்தில் இருக்கும். பெட்டியை நம்பாமல் காந்தத்தை நம்புங்கள். விசில் எண்ணிக்கை கேஸ் அடுப்புக் கணக்கில் வராது. முதல் விசில் சீக்கிரம் வந்துவிடும் என்பதால் அதன் பிறகு 600, 800 வாட்டுக்கு இறக்கி நிமிடக் கணக்கில் வையுங்கள்.

இந்த விலை அடுப்பின் உண்மையான குறை அந்தக் குறைந்த சூட்டில்தான் இருக்கிறது. ஒற்றை ஐஜிபிடி வைத்த பலகையால் 800, 1000 வாட்டுக்குக் கீழே நிதானமாக இறங்க முடியாது. 400 என்று வைத்தால் சில விநாடி 1000 கொடுத்து, சில விநாடி நிறுத்தி, சராசரியில் 400 காட்டும். ஒவ்வொரு முறையும் ‘டிக்’ என்று தட்டிப் பார்த்துவிட்டே மறுபடி தொடங்கும். பருப்புக்கு ஒன்றுமில்லை. பால் அப்படியல்ல: அமைதியாகக் கிடக்கும், திடீரென்று எழும்பும், அடங்கும், கண்ணை எடுத்த நேரம் பார்த்து விளிம்பைத் தாண்டும். பாயசம் அடிபிடிப்பதும் இதனால்தான். கனமான அடியுள்ள சட்டி இந்த ஏற்ற இறக்கத்தை விழுங்கிக்கொள்ளும். கடையில் இயக்கிக் காட்டச் சொன்னால் 2000-இல் காட்டச் சொல்லாதீர்கள், 300-இல் சொல்லுங்கள். நிறுத்தும் இடைவெளி குறுகலாக இருக்கும் அடுப்பை எடுங்கள்.

மற்றதெல்லாம் சுருக்கம். அடியில் சிரிம் ஒட்டு (மலேசியத் தரச் சான்று முத்திரை) இருக்க வேண்டும். 2000 வாட் என்றால் 240 வோல்ட்டில் 8 ஆம்பியருக்கு மேல். சுவரிலுள்ள 13 ஆம்பியர் பிளக்கில் நேராகப் போடுங்கள், ரைஸ் குக்கரோடு ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில் வேண்டாம். கீழே செய்தித்தாள் விரித்தால் விசிறி அதை உறிஞ்சிக் காற்றை அடைத்துக்கொள்ளும். அணைத்த பிறகும் விசிறி ஓடினால் ஓடட்டும், பிளக்கைப் பிடுங்காதீர்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்கள் 60 சென்டிமீட்டர் தள்ளி நிற்பது நல்லது.

நேற்றுவரை ஏற்ற சட்டிகளை எல்லாம் இன்று அடுப்பு தள்ளுகிறதென்றால் சட்டியில் தப்பில்லை. பலகையிலுள்ள கெப்பாசிட்டர் வலுவிழந்து மணியின் சுருதி மாறியிருக்கலாம், சுருளின் முனை தளர்ந்திருக்கலாம், அல்லது சூட்டுக்காக உள்ளே குடிவந்த கரப்பான்பூச்சி பலகையில் படுத்திருக்கலாம். கடைசிக் காரணம் நம் ஊரில் அபூர்வமல்ல. பியூஸும் போயிருந்தால் ஐஜிபிடி, அதன் முன்னால் மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபயர், பியூஸ் மூன்றையும் சேர்த்து மாற்றித் தரும் பழுதுகாரரிடமே கொடுங்கள். பியூஸை மட்டும் மாற்றிப் பிளக்கைப் போட்டால் புதுப் பியூஸும் அங்கேயே போய்விடும்.