கேன்டர்பரி கதீட்ரல்: ரெண்டு வில்லியம்ல யாரு கெத்து?

1174ல தீ பிடிச்சு இங்கிலாந்துல இருக்குற கேன்டர்பரி கதீட்ரலோட (பெரிய சர்ச்) குவையர் பகுதி, அதாவது துறவிங்க உக்காந்து பாடி ஜெபம் பண்ற இடம், எரிஞ்சுபோச்சு, அதைத் திரும்பக் கட்ட பிரான்ஸ்ல இருந்து வந்தவர்தான் சென்ஸ் ஊர் வில்லியம். கல்லைக் கடல் தாண்டி வரவழைச்சு, கப்பல்ல ஏத்தி இறக்க மெஷினும் அவரே செஞ்சாரு. 1178ல சாரத்துல காலுக்குக் கீழ கட்டை முறிஞ்சு சுமார் 50 அடி கீழ விழுந்தும், படுத்த படுக்கையா கொஞ்ச நாள் வேலை வாங்கிருக்காருன்னா பாத்துக்கோங்க, அப்புறம் முடியாம ஊருக்கே கிளம்பிட்டாரு.

அடுத்து வந்த இங்கிலீஷ்கார வில்லியம் ஆளு குள்ளம், ஆனா வேலைல கெட்டின்னு அங்கயே இருந்த ஜெர்வேஸ்ங்கிற துறவி எழுதி வச்சிருக்காரு. அந்த கதீட்ரல்லயே கொல்லப்பட்ட ஆர்ச்பிஷப் தாமஸ் பெக்கெட்டோட சமாதிக்காகக் கட்டுன டிரினிட்டி சேப்பல் இவர் கைவேலைதான், 1184ல முடிஞ்சுது. கூரான வளைவு வச்சுக் கட்டுற காத்திக் ஸ்டைலை அங்க கொண்டுவந்தது முதல் ஆளுதான், மறுக்கல, ஆனா அந்த சேப்பல்ல ஜோடி ஜோடியா நிக்குற தூணைப் பாத்தா என் ஓட்டு குள்ளருக்குத்தான்.