மகனின் உதவித்தொகை: ஜாயின்ட் அக்கவுண்டா, பாதுகாவலர் சான்றிதழா?

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குத் தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை 2023 நிலவரப்படி மாதம் 2,000 ரூபாய். பிள்ளைக்கு 18 வயது முடிந்துவிட்டால் பெற்றவர்கள் தானாகவே சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிட மாட்டார்கள். அப்புறம் அந்தப் பணத்தை யார் எடுப்பது? பலரும் குழம்புவது இங்கேதான். வழி இரண்டு: பிள்ளையும் பெற்றவரும் சேர்ந்து வைக்கும் ஜாயின்ட் அக்கவுண்ட், அல்லது பெற்றவரைச் சட்டப்படி பாதுகாவலராக நியமிக்கும் சான்றிதழ்.

அலைச்சல்
ஜாயின்ட்: ஆதார், போட்டோ போன்ற சில ஆவணங்கள், இருவர் கையெழுத்து. அவ்வளவுதான்.
சான்றிதழ்: 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். பல நடை நடக்கணும்.

கையெழுத்து
ஜாயின்ட்: பிள்ளைக்கு விஷயம் புரிய வேண்டும். புரியாது என்று தெரிந்தால் வங்கி மறுக்கலாம்.
சான்றிதழ்: பாதுகாவலர் கையெழுத்தே போதும்.

கணக்கு
ஜாயின்ட்: யாரும் கேட்கமாட்டார்கள். சொந்தக்காரர் எடுத்துச் செலவழித்தாலும்தான்.
சான்றிதழ்: பாதுகாவலரான 6 மாதத்துக்குள் பிள்ளையின் சொத்துப் பட்டியல், ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து 3 மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கு, இரண்டையும் அந்தக் குழுவிடம் கொடுக்க வேண்டும். என் தங்கை ஒரு நாற்பது பக்க நோட்டில் மருந்துக்கடை பில்லைச் சோற்றுப் பசையால் ஒட்டி வைக்கிறாள். எறும்பு வருகிறது, ஆனாலும் கணக்கு சரியாக இருக்கிறது.

மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்ஸி) இருந்தாலும் தன் பணத்தைப் பற்றித் தெளிவாகப் பேசும் பிள்ளைக்கு ஜாயின்ட் போதும். பாதுகாவலரைத் திணிப்பது அவனை மட்டம் தட்டுவது. பணம் என்றாலே என்னவென்று தெரியாதவனுக்குச் சான்றிதழ்தான். அதை உங்களுக்கு உடம்பில் தெம்பு இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். உங்களுக்குப் பிறகு அடுத்த பாதுகாவலரை அந்தக் குழுதான் நியமிக்கும். யாரென்று வீட்டில் இப்போதே பேசி வையுங்கள்.