ப்ளோயர் ரெசிஸ்டர்: புதுசா, புதுப்பேட்டையா?

பழைய காரில் ஏசி ஃபேன் கடைசி ஸ்பீடில் மட்டும் ஓடுகிறதா? பெரும்பாலும் ஃபேன் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் ப்ளோயர் ரெசிஸ்டர்தான் போயிருக்கும். கடைசி ஸ்பீடில் கரண்ட் ரெசிஸ்டர் வழியாகப் போகாமல் நேராக மோட்டாருக்குப் போவதால் அது மட்டும் தப்பிக்கிறது.

சென்னைக்காரர்களுக்கு உடனே ஞாபகம் வருவது பழைய வண்டிகளின் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டை. விலை குறைவு, உற்பத்தி நின்றுபோன மாடலுக்கும் தேடினால் கிடைக்கும். ஆனால் கழற்றி எடுத்த ரெசிஸ்டர் இதுவரை எவ்வளவு சூடு தாங்கியது என்பது யாருக்கும் தெரியாது. வாங்குவதானால் பின்கள் கறுத்திருக்கிறதா, சுருள் கம்பி அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். சூடு மிஞ்சினால் கரண்டைத் துண்டிக்கும் தெர்மல் ஃப்யூஸையும் மல்டிமீட்டர் வைத்து சோதித்துவிடுங்கள்.

புதுசு கூடுதல் செலவுதான். ஆனாலும் என் ஓட்டு அதற்கே. பல கார்களில் இது கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். உடம்பை வளைத்து ஒரே வேலையை இரண்டு தடவை செய்வது பெரும் அவஸ்தை.

அப்புறம், எதைப் போட்டாலும் சாக்கெட் உருகியிருந்தால் அதையும் மாற்றுங்கள். மோட்டார் இறுக்கமாகச் சுற்றினாலோ, காற்றுப் பாதையில் இலை அடைத்திருந்தாலோ புது ரெசிஸ்டரும் சீக்கிரம் போய்விடும். தெர்மல் ஃப்யூஸைத் தவிர்த்துவிட்டு ஒயர் போட்டு நேராக இணைக்க மட்டும் சம்மதிக்காதீர்கள், தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.