கம்பம்மெட்டு ஏறும் வண்டிக்கு எந்த ஆயில்: மினரலா, செமியா, ஃபுல் சிந்தெடிக்கா?

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் பெட்ரோல் வேன் ஆயில் குடிக்க ஆரம்பித்தது. வாரத்துக்கு அரை லிட்டர் ஊற்றினால்தான் டிப்ஸ்டிக்கில் அளவு நிற்கும். இன்ஜினின் மேல்மூடியான டேப்பெட் கவரைக் கழற்றிப் பார்த்தால், வடைச்சட்டி விளிம்பில் எண்ணெய் காய்ந்து பழுப்பாக ஒட்டியிருக்குமே, அதே நிறம். நகத்தால் சுரண்டியும் வரவில்லை. மெக்கானிக்குகள் வார்னிஷ் என்று சொல்வது இதைத்தான். விரலால் வழித்தால் வருகிற கறுப்புக் கூழ் வேறு, அது ஸ்லட்ஜ். இன்ஜின் சரியாகச் சூடாகாமல் ஊருக்குள்ளேயே நின்று நின்று ஓடும் வண்டிக்கு வருவது. வார்னிஷ் சூட்டில் பிறப்பது. வடைச்சட்டி உவமை சும்மா சொன்னதில்லை, இரண்டிலும் எண்ணெய் சூட்டில் ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டியாகி உலோகத்தில் ஒட்டிக்கொள்கிறது.

கம்பத்துப் பன்னீர் திராட்சையைப் பெட்டி பெட்டியாக ஏற்றி, கம்பம்மெட்டு மலைப்பாதை வழியாகக் கேரளத்துக் கட்டப்பனைக்கும், லோயர் கேம்ப் வழியாகக் குமுளிக்கும் கொண்டுபோவது என் பிழைப்பு. கம்பத்துத் திராட்சை வருஷம் முழுக்க வரும் என்பதால் வண்டிக்கும் ஓய்வில்லை. மாதம் 2000 கிலோமீட்டர், பாதிக்கு மேல் மலை.

முதலில் விலை. என் வண்டிக்கு 3 லிட்டர் பிடிக்கும். மினரல், அதாவது கச்சா எண்ணெயைச் சாதாரணமாகச் சுத்திகரித்த ஆயில், ஃபில்டரோடு சேர்த்து 1,100 ரூபாய்க்குள் முடியும். அதைவிடப் பக்குவப்படுத்திய ஃபுல் சிந்தெடிக் 1,900 வரும், இரண்டும் கலந்த செமி இடையில். பெட்ரோல் மாதிரி எல்லை தாண்டினால் விலை மாறும் என்று குமுளியில் விசாரித்துப் பார்க்க வேண்டாம். ஆயிலுக்கு ஜிஎஸ்டி, இரண்டு பக்கமும் ஒரே வரிதான்.

மினரலைக் குறை சொல்ல மாட்டேன். தப்பு என் மேல். பேரலிலிருந்து அளந்து ஊற்றும் 20டபிள்யூ-40 (ஆயிலின் தடிமனைச் சொல்லும் எண்) மினரல் ஆயிலை ஊற்றிவிட்டு, 10,000 கிலோமீட்டர் வரை ஓட்டினேன். சமவெளியில் அது தாங்கியிருக்குமோ என்னவோ, மலையில் தாங்கவில்லை. ஆயிலின் சூடு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் அது கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு. முழு பாரத்தோடு இரண்டாவது கியரில் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது அந்தச் சூடு எங்கே போகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஆயிலில் கலந்திருக்கும் ஆக்சிஜன் தடுப்பு மருந்து தீரும்வரை ஒன்றும் தெரியாது. தீர்ந்தபிறகு சரசரவென்று கெடும்.

இறக்கம் இன்னொரு கூத்து. கியரில் போட்டு ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கும்போது இன்ஜினுக்குள் இழுவை அதிகமாகி, ஆயிலைப் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குக்கு மேலே உறிஞ்சும். அங்கே ஏற்கெனவே வார்னிஷ் பிடித்து ரிங் ஒட்டியிருந்தால், ஆயிலை வழித்து இறக்க ஆளில்லை. அடிவாரத்தில் திரும்ப மிதித்தால் பின்னால் நீலப் புகை. எனக்கு நடந்தது அச்சு அசலாக இதுதான். ஹெட் இறக்கி, ரிங் மாற்றி, 22,000 ரூபாய். பதினோரு நாள் வண்டி ஷெட்டில், திராட்சை அடுத்தவன் வண்டியில்.

செமி சிந்தெடிக்கைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒரே ஒரு தடவை ஊற்றினேன், குறையொன்றும் தெரியவில்லை. ஆனால் டின்னுக்குள் சிந்தெடிக் எவ்வளவு பங்கு என்று டின்னில் எழுதியிருக்கவில்லை. அதற்காகவே விட்டுவிட்டேன்.

இப்போது ஓடுவது ஃபுல் சிந்தெடிக் 5டபிள்யூ-30, ஏபிஐ எனும் அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பின் எஸ்பி தரம். எஸ்பி 2020-இல் வந்தது. அந்தத் தரத்துக்கான இன்ஜின் சோதனைகளில் பிஸ்டனில் படியும் படிவையும் வார்னிஷையும் மார்க் போட்டுப் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் டின்னின் முன்பக்கத்து ‘சிந்தெடிக்’ என்ற எழுத்தைவிட, பின்பக்கத்து இந்த எழுத்துதான் முக்கியம். நாம் வாங்கும் ‘ஃபுல் சிந்தெடிக்’ பலவும் கச்சா எண்ணெயையே ஹைட்ரஜனால் நன்றாகச் சுத்திகரித்த குரூப் 3 வகை. அதையும் சிந்தெடிக் என்று விளம்பரப்படுத்தலாம் என்று 1999-இல் அமெரிக்காவில் ஒரு விளம்பரப் பஞ்சாயத்திலேயே முடிவாகிவிட்டது.

கணக்குக்கு வருவோம். வருஷம் 24,000 கிலோமீட்டர். மினரலை யோக்கியமாக 5,000-க்கு ஒரு தடவை மாற்றினால் சுமார் 5 தடவை, 5,500 ரூபாய். சிந்தெடிக்கை நான் 8,000-இல் மாற்றுகிறேன்: 3 தடவை, 5,700. வித்தியாசம் 200 ரூபாய். மினரல் மலிவு என்பதே, அதை 10,000 வரை இழுப்பவனின் கணக்கு. அந்த மிச்சத்தை 22,000-இல் மொத்தமாகக் கட்டியவன் சொல்கிறேன். மானுவலில் 10,000 போட்டிருந்தாலும், பாரமும் மலையும் என்றால் அதே மானுவல் சீக்கிரம் மாற்றச் சொல்கிறது. அந்தப் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை.

ஒரு எச்சரிக்கை. பழைய வார்னிஷை சிந்தெடிக் கரைத்துவிடும் என்று நம்பி ஊற்றாதீர்கள். குரூப் 3 ஆயிலுக்குத் தானாகக் கரைக்கும் சக்தி குறைவு, அதில் சேர்த்த டிடர்ஜென்ட்தான் மெதுவாக வேலை செய்யும். எஸ்டர் என்ற செயற்கை எண்ணெய் கலந்த விலை கூடிய ஆயில் இதில் கெட்டிக்காரன் என்கிறார்கள், நான் ஊற்றிப் பார்த்ததில்லை. அதேபோல் ஆயில் கறுத்தால் மட்டமான ஆயில் என்று பதறவும் வேண்டாம். அழுக்கை ஒட்டவிடாமல் சுமக்கிற ஆயில்தான் கறுக்கும்.

போன மாதம் கேஸ்கெட் கசிவுக்காக மறுபடி கவரைத் திறந்தோம். 60,000 கிலோமீட்டருக்கு மேல் ஆகியும் உள்ளே வெளிறிய டீ நிறம்தான். முழுப் பெருமையையும் ஆயிலுக்குக் கொடுக்க முடியாது, பழக்கத்தையும் மாற்றியிருக்கிறேன். “அண்ணே, மலை ஏறுனது தப்பில்ல, ஏறுன கையோட ஆஃப் பண்ணிட்டு டீக்குடிக்கப் போறீங்க பாருங்க, அதான் தப்பு” என்று மெக்கானிக் தம்பி சொன்னதிலிருந்து, மேலே போனதும் ஒரு நிமிஷம் ஐடிலில் விட்டுத்தான் சாவியைத் திருப்புகிறேன். தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் டீசல் ஜீப்காரர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், டீசலுக்குக் கரியும் டர்போவும் தனிக் கதை.

சீட்டுக்குப் பின்னால் அவசரத்துக்கென்று அரை லிட்டர் டின் ஒன்று கிடக்கிறது. ஏழு மாதமாக சீல் உடைக்கவில்லை.