வாசலில் 72 யூரோ, பில்லில் 146: பாரிஸ் உணவகம் ஒன்றில் நடந்தது

பாரிஸின் எட்டாவது வட்டாரத்தில், வெள்ளை மேசைவிரிப்பும் மெழுகுவர்த்தியுமாக இருந்த ஓர் உணவகத்தில் சென்ற நவம்பரில் நானும் கணவரும் இரவு உணவு சாப்பிட்டோம். முன்னுணவு, முதன்மை உணவு, பிறகு சீஸ் அல்லது இனிப்பு, எல்லாம் சேர்த்து ஆளுக்கு 72 யூரோ என்று வாசலில் பட்டியல் மாட்டியிருந்தார்கள். ஆளுக்கு ஒரு கோப்பை ஒயினும் சேர்த்து 180க்குள் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டோம். கடைசியில் எங்களிடம் நீட்டிய தொகை 321 யூரோ.

பிரான்சில் ஓரளவு பெரிய உணவகங்களில் உட்கார்ந்ததுமே சமையல்காரரின் அன்பளிப்பாக ஒரு வாய் அளவுக்கு ஏதாவது கொண்டுவந்து வைப்பார்கள். அதற்குக் காசு கிடையாது. எங்களுக்கும் காளான் சூப் ஒரு சிறு கோப்பையில் வந்தது. அடுத்த நிமிடமே அதைக் கொண்டுவந்த பரிமாறுபவரே, அதே புன்னகையுடன், “ஷாம்பெய்னோடு தொடங்கலாமா?” என்று கேட்டு ஊற்றிவிட்டுப் போனார். விலை சொல்லவில்லை. கோப்பைக்கு 19 யூரோ.

குழாய்த் தண்ணீர் ஒரு குடுவை கேட்டோம். “எங்களிடம் பாட்டில்தான்” என்றார். இது பச்சைப் பொய். பிரான்சில் உணவோடு சாதாரணத் தண்ணீரும் ரொட்டியும் தனிக் கட்டணமின்றித் தரவேண்டும் என்பது 1967 முதல் இருக்கும் விதி. தண்ணீர் இலவசமாகக் கிடைக்கும் என்பதை மெனுவிலோ அறிவிப்புப் பலகையிலோ எழுதி வைக்கவேண்டும் என்று 2020ஆம் ஆண்டுச் சட்டம் வேறு சொல்கிறது. எங்களுக்கு இரண்டு பாட்டில், 18 யூரோ.

மேசையைப் பதிவு செய்தது நான், பணம் கட்டப்போவதும் நான். ஆனால் என் கையில் கொடுத்த மெனு அட்டையில் விலையே இல்லை. விலை போட்ட அட்டை கணவருக்குப் போனது. பெண்ணை விருந்தாளியாகவே பார்க்கும் அந்தப் பழைய வழக்கத்தை இன்னும் விடாத இடங்கள் இருக்கின்றன.

முதன்மை உணவுக்கு மெனுவில் கோழியும் மீனும் இருந்தன. “இன்று நார்மண்டி ஸ்காலப் வந்திருக்கிறது, அதையே எடுத்துக்கொள்ளுங்களேன்” என்று ஒரு வகைக் கடல் சிப்பியைச் சொல்லி வற்புறுத்தியதால் கணவர் சரி என்றார். அதற்கு மேல்கட்டணம் 22 யூரோ என்பது பில்லில்தான் தெரிந்தது. நேர்மையான இடங்களில் இப்படிக் கூடுதல் விலையுள்ள உணவுக்குப் பக்கத்திலேயே தொகையை அச்சிட்டிருப்பார்கள். வாயால் சொல்லப்படும் எந்த உணவுக்கும் “அந்த 72க்குள் அடங்குமா?” என்று கேட்டுவிட்டுத் தலையாட்டுங்கள்.

பிறகு சீஸ் வண்டி. நாங்கள் இனிப்பு என்று முன்பே சொல்லியிருந்தோம். அப்படியிருந்தும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, “கொஞ்சம் ருசி பாருங்கள்” என்று கோம்தேயும் ரோக்ஃபோரும் வெட்டித் தட்டில் வைத்தார். ஆளுக்கு 14. காபி ஆளுக்கு 6. ஒயின் கோப்பைக்கு 15. அதை விலை பார்த்துத்தான் கேட்டோம், அதில் எனக்குப் புகார் இல்லை. உணவிலும் குறை சொல்லமாட்டேன், ஸ்காலப் பதமாகத்தான் வெந்திருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

முடிவில் பில் வரவில்லை. கார்டு இயந்திரம் மட்டும் வந்தது, 321 என்று காட்டிக்கொண்டு. விவரமான பில் கேட்டேன். முகம் மாறியது. பிரான்சில் 25 யூரோவும் அதற்கு மேலும் ஆனால் கேட்காமலேயே பில் கொடுக்கவேண்டும். வந்த பில்லில் மொத்தம் 292 என்றுதான் இருந்தது. மீதி 29 என்ன என்றால், “சேவைக் கட்டணம் பத்து சதவீதம், விலையில் சேரவில்லை” என்றார். பில்லின் அடியிலேயே சேவை உட்பட என்று அச்சாகியிருந்ததைச் சுட்டிக்காட்டினேன். சேவையையும் சேர்த்துத்தான் விலை போடவேண்டும் என்பது அங்கே 1987 முதல் விதி. டிப்ஸ் கொடுப்பதும் கொடுக்காததும் முழுக்க நம் விருப்பம். வாயைத் திறக்காமல் 29ஐக் கழித்துவிட்டார்.

ஷாம்பெய்ன், ஸ்காலப், சீஸ் பற்றி மேலாளரிடம் வாதாடினேன். “நீங்கள் சாப்பிட்டீர்களே” என்பதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆளுக்கு 146 வீதம் 292 கட்டிவிட்டு வந்தோம்.

பாரிஸில் வசிக்கும் தோழி ஒருத்தி, ‘சிக்னால் கோன்சோ’ என்ற அரசு நுகர்வோர் புகார்த் தளத்தில் பில்லின் படத்தோடு எங்களுக்காகப் பிரெஞ்சில் எழுதிப் போட்டாள். வாசல் பட்டியலை நான் படம் எடுத்து வைக்கவில்லையா என்று அவள் கேட்ட முதல் கேள்வி நியாயமானது; உள்ளே நுழையும் முன் நீங்கள் எடுத்துவிடுங்கள். புகார் உணவகத்துக்குப் போய், பதிலும் வந்தது. தண்ணீர் விஷயத்தில் ஊழியருக்கு “நினைவூட்டியிருக்கிறார்களாம்”. ஸ்காலப் பற்றியும் சீஸ் பற்றியும் அதில் ஒரு வரி இல்லை. பணமும் வரவில்லை.